பனியன் கம்பெனியில் மாதாந்திர பாதுகாப்பு ரவுண்டு: செக்லிஸ்ட்டைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும்?

லைன்_சூப்பர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு நடுத்தர அளவு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பவர் டேபிள் (தையல் மிஷின் லைன்) செக்ஷனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கட்டிடம் மூன்று தளம். தரைத்தளத்தில் கட்டிங்கும் துணி ரோல் ஸ்டாக்கும், முதல் மாடியில் பவர் டேபிள், அதற்கு மேலே செக்கிங், அயர்னிங், பேக்கிங். வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மீதியில் நிறையப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்.

இனிமேல் மாதத்துக்கு ஒருமுறை புளோர் முழுக்கச் சுற்றி ஆபத்தான விஷயங்களைக் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும் என்று மேனேஜர் என்னிடம் நான்கு பக்க செக்லிஸ்ட் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அவசர வழி குறியிடப்பட்டிருக்கிறதா, இப்படி எல்லாமே 'இருக்கிறதா, இல்லையா' கேள்விகள். எங்கள் கம்பெனியில் எல்லாமே இருக்கிறது. டிக் அடித்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதே புளோரில் கட்டிங் பையன் ஒருவனுக்கு விரல் கிழிந்து தையல் போட்டார்கள், அயர்னிங்கில் ஒரு அக்கா மதியம் மயங்கி விழுந்தார். இரண்டுமே அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் வராது.

நிஜமாகவே பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். முதலாளியிடம் போய் நிற்கும்போது என்ன பேச வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

பேனல்_போர்டு எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. நான் மில்களிலும் கார்மெண்ட்ஸிலும் எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ் பார்ப்பவன், என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் பேனல் போர்டுக்கு, அதாவது கரண்ட் லைன்கள் பிரிந்து போகும் பெட்டிக்குப் போங்கள். பனியன் கம்பெனியில் தீ பிடிப்பதற்கு வேண்டியதெல்லாம் அங்கேயே கூடியிருக்கும். பஞ்சுத் தூசு பேனலுக்குள்ளே, டியூப்லைட் பட்டிக்கு மேலே, கேபிள் டிரேயில் மெத்தை மாதிரி படிந்து கிடக்கும், லூசாக இருக்கும் ஒரு டெர்மினல் சூடாகி ஒரு பொறி விட்டால் போதும், அந்தத் தூசு வழியாகவே நெருப்பு அடுத்த லைனுக்குப் போய்விடும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஏணி போட்டு மேலே ஏறிப் பாருங்கள். பேனல் கதவைத் திறக்கும் வேலை எலக்ட்ரீசியனுடையது, நீங்கள் கை வைக்க வேண்டாம், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லோடு முழுதாக ஓடும் நேரத்தில் டெம்பரேச்சர் கன்னால் ஒவ்வொரு கனெக்ஷனையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே லோடில் இருக்கும் மூன்று பேஸில் ஒன்று மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. பியூஸ் இருக்கும் இடத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது என்று டிக் அடிப்பது ஒன்றுக்கும் உதவாது. அதில் டெஸ்ட் பட்டன் என்று ஒன்று இருக்கும், எலக்ட்ரீசியனை விட்டு அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியதும் சுவிட்ச் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. ஆள் உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 30 மில்லி ஆம்பியர் ரேட்டிங் வேண்டும், அயர்ன் டேபிள் லைனில் அது கட்டாயம் இருக்க வேண்டும், அங்கே ஈரமும் கரண்டும் ஒன்றாக இருக்கிறது.

அப்புறம் தீயணைப்பான். பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் நிற்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், சரி. பேனலுக்குப் பக்கத்தில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அந்த முள்ளே இருக்காது. அதைக் கழற்றி எடை போட்டுத்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியும். முழு எடையும் காலி எடையும் சிலிண்டரிலேயே போட்டிருக்கும், வித்தியாசம் பார்த்துவிடலாம். ஸ்டிக்கரில் தேதி சரியாக இருக்கிறது என்று காலி சிலிண்டரைத் தொங்கவிட்டிருக்கும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிஷின் பக்கம் ஒரே ஒரு விஷயம். பழைய கிளட்ச் மோட்டார் மிஷின் இன்னும் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் நூல் கோர்க்கிறேன் என்று கால் மிதியில் பட்டால் ஊசி இறங்கும். சர்வோ மோட்டாரில் அது இல்லை, ஆனால் சத்தமே வராது என்பதால் மிஷின் ஆனில் இருப்பதையே மறந்துவிடுவார்கள். ஊசி மாற்றும்போது சுவிட்சை அணைக்கிறார்களா என்று நின்று கவனியுங்கள். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) ஓடுபவர்கள் பெரும்பாலும் அணைக்க மாட்டார்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை, சுவிட்ச் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆடிட்_பார்ப்பவர் எழுதியது:

பையர்களின் சோஷியல் ஆடிட்டுகளுக்கு, அதாவது துணி வாங்கும் நிறுவனங்கள் தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் ஆடிட்டுகளுக்கு, கம்பெனி தரப்பில் உட்காருவதுதான் என் வேலை. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஆடிட்டுக்காகத் தயாரான தாள்தான். ஆடிட் வருகிற அன்றைக்குப் பொருள் இடத்தில் இருக்கிறதா என்பதைத்தான் அது கேட்கும். மற்ற நாளில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற கார்மெண்ட் ஃபேக்டரி 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால்தான் அதே ஃபேக்டரிக்கு எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அந்தத் தீ மிரட்டிப் பணம் கேட்டவர்கள் வைத்தது என்று நீதிமன்றம் பின்னால் தீர்ப்புச் சொன்னது, அது வேறு. அத்தனை பேர் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய கதவுகளும் ஜன்னல் கம்பிகளும். சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்திருந்தால் போதும். அதற்கு நூறு வருடம் முன்னாலேயே, 1911 மார்ச் 25 அன்று, நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் 146 பேர் இறந்ததும் பூட்டிய கதவால்தான், அங்கே பூட்டியதற்குச் சொன்ன காரணமும் திருட்டு பயம்தான்.

எனவே உங்கள் தாளில் 'அவசர வழி இருக்கிறதா' என்ற கேள்வியை அடித்துவிட்டு, 'மாலை ஆறு மணிக்கு லோடிங் நடக்கும்போது இந்தக் கதவை ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறதா' என்று எழுதிக்கொள்ளுங்கள். ரவுண்டு போகும் நேரத்தை மாற்றுங்கள். காலை பத்து மணிக்கு எந்த கம்பெனியும் அழகாகத்தான் இருக்கும். ஷிப்மென்ட் கிளம்பும் முந்தைய இரவில் படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார்கள், பேக்கிங் ஹாலில் மஞ்சள் கோட்டைத் தாண்டி பண்டல் கிடக்கும், பாதிப் பேர் ஓவர்டைமில் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் போங்கள்.

இன்னொன்று, ஊசி ரிஜிஸ்டரையும் முதலுதவி ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைத் துணிக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்று ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி, லைன் நம்பர், நேரம், கையெழுத்து எல்லாம் வாங்குகிறோம். அது சரியான வேலை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே ஊசி தைப்பவரின் விரலில் ஏறினால் ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பிவிடுகிறார், எந்த நோட்டிலும் வராது. முதலுதவிப் பெட்டியில் எந்த லைன் பெட்டி சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டி உங்களுக்குச் சொல்லிவிடும். கட்டிங் பையனுக்குத் தையல் போட்டதாகச் சொன்னீர்கள், அவன் அன்றைக்கு இரும்பு வளையக் கையுறை போட்டிருந்தானா, போட்டிருந்தால் அது அவன் கைக்குப் பொருந்துகிறதா, பிளேடு கார்டு துணி உயரத்துக்கு இறக்கியிருந்ததா, இதை அவனிடமே கேளுங்கள். பெரிய சைஸ் கையுறை ஒன்றை வாங்கி ஆணியில் மாட்டி வைத்துவிட்டு 'பிபிஇ (பாதுகாப்பு உபகரணம்) உள்ளது' என்று எழுதுகிறோம், சின்னக் கைக்காரன் அதைப் போட்டால் துணியையே பிடிக்க முடியாது, கழற்றிவிடுவான்.

வட மாநிலப் பையன்களிடம் தமிழில் 'புரிந்ததா' என்று கேட்டால் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரில் பின்னை எப்படி எடுப்பது, எந்தப் படியில் இறங்குவது, எங்கே போய் நிற்பது. ஹிந்தியில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, ஒடியாக்காரர் பலருக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது.

பவர்டேபிள்_அக்கா எழுதியது:

தம்பி, இவர்கள் இருவரும் சொன்னது எல்லாம் சரி. நான் ஓவர்லாக் தைக்கிறவள், எங்கள் பக்கத்திலிருந்து சிலதைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

சூப்பர்வைசர் நோட்டோடு வந்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். புரொடக்ஷன் ஏன் குறைந்தது என்று கேட்கும் அதே ஆள் வந்து 'ஏதாவது ஆபத்து இருக்கிறதா அக்கா' என்று கேட்டால் யார் சொல்வார்கள்? சொன்னால் வேலை செய்யத் தெரியாதவள் என்று பெயர் வரும். அதனால் லைனில் நின்று கேட்காதே. டீ நேரத்தில் உட்கார்ந்து கேள். 'எங்கே வலிக்கிறது' என்று கேள், 'எந்த மிஷின் தொந்தரவு பண்ணுகிறது' என்று கேள். அது தானாகவே மற்றதையும் கொண்டுவந்துவிடும். ஒரு பெண் ஆளையும் கூட்டிக்கொண்டு வா, இல்லாவிட்டால் பாதி விஷயம் உனக்குத் தெரியாமலே போகும்.

பாத்ரூம் உன் தாளில் 'சுத்தமாக உள்ளதா' என்று ஒரு வரியாக இருக்கும். போய் எண்ணிப் பார், எத்தனை கதவில் தாழ்ப்பாள் வேலை செய்கிறது என்று. டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்து, கிட்னியில் கல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போவது இதனால்தான். அயர்னிங்கில் அந்த அக்கா மயங்கி விழுந்தார் என்றாயே, அவர் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தார், காலையில் சாப்பிட்டாரா, அந்த மூலையில் எக்ஸாஸ்ட் பேன் ஓடியதா என்று யாராவது கேட்டீர்களா? சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே ஸ்டீம் அயர்ன் பிடித்து நிற்பது என்றால் என்னவென்று ஒரு மணி நேரம் நீயும் அங்கே நின்று பார், நோட்டை வெளியே வைத்துவிட்டு.

கறை எடுக்கும் டேபிளையும் மறந்துவிடாதே. துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து கெமிக்கல் அடிக்கிறார்களே, அந்தப் பெண் நாள் முழுக்க அதை மூக்குக்கு நேராக வைத்து அடிக்கிறாள். சாயந்திரம் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பாள். கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. எங்கள் கம்பெனியில் லேபிள் இல்லாத வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள், யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

ஆடிட்_பார்ப்பவர் எழுதியது:

அக்கா சொன்ன கறை டேபிள் மிக முக்கியம், நான் விட்டுவிட்டேன் என்பதால் சேர்த்துவிடுகிறேன். சில இடங்களில் கறை எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் என்ற கெமிக்கல் இன்னும் ஓடுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே வைத்திருக்கும் பொருள். துணி மாஸ்க் போட்டால் இந்த ஆவியை அது தடுக்காது. பொருளையே மாற்றுவதுதான் முதல் வழி, அதுவரைக்கும் உறிஞ்சு விசிறி வைத்த தனி பூத். மாஸ்க் கடைசி. எந்த ஆபத்தைப் பார்த்தாலும் இதே வரிசையில் யோசியுங்கள்: எடுத்துவிட முடியுமா, மாற்ற முடியுமா, மூடி வைக்க முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா, எதுவுமே முடியாவிட்டால்தான் கையுறையும் மாஸ்க்கும். நம் ஊரில் கடைசியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

லைன்_சூப்பர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதில் கோபப்பட எதுவும் இல்லை, டீ நேரத்தில் பேசுவதை நாளையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்காவைக் கூட அழைத்துக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கள் பின்பக்கக் கதவுக்கு ஷிப்ட் நேரத்தில் பூட்டுப் போடுகிறார்கள். பீஸ் வெளியே போகிறது என்று முதலாளி சொல்கிறார், அவர் சொல்வதும் பொய்யில்லை. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. இரண்டு, அயர்னிங்குக்கு ஒரு சின்ன பாய்லர் இருக்கிறது, 'இது ஐ.பி.ஆரில் (பாய்லர் ஒழுங்குமுறை விதிகள்) வராது, இன்ஸ்பெக்ஷன் தேவையில்லை' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். இதை நான் பார்க்க வேண்டுமா வேண்டாமா?

சாயப்பட்டறை எழுதியது:

பாய்லரைப் பற்றி நான் சொல்கிறேன், எங்களுக்கு அதோடுதான் பிழைப்பு. 25 லிட்டருக்கு மேல் கொள்ளளவு இருந்தால்தான் பாய்லர் சட்டத்துக்குள் வரும், அதனால் அதற்குக் கொஞ்சம் கீழே செய்து விற்கிறார்கள். சட்டத்தில் வராது என்பதால் வெடிக்காது என்று அர்த்தம் இல்லை. அரசு ஆள் வந்து பார்க்க மாட்டார் என்பதால்தான் நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சேஃப்டி வால்வைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களா, பிரஷர் கேஜ் முள் பாய்லர் அணைந்திருக்கும்போது பூஜ்யத்துக்கு வருகிறதா, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரிகிறதா, தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கிறதா, உப்புத் தண்ணீரை ஊற்றுகிறார்களா. நம் ஊர் போர் தண்ணீரில் உள்ளே சுண்ணாம்பு படிந்து மாதக் கணக்கில் சேரும். முக்கியமாக, அதைப் பேக்கிங் ஹாலுக்குள்ளேயே வைத்திருந்தால் வெளியே சுவருக்கு அந்தப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

உங்களுக்கு சாயத் தண்ணீர் டேங்க் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் செப்டிக் டேங்க் இருக்கும். அதில் யாரையும் இறங்க விடாதீர்கள், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். விஷவாயு இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று நம்பி இறங்குகிறார்கள். அளவு அதிகமாகும்போது ஹைட்ரஜன் சல்பைடு மூக்கின் வாசனை உணர்வையே முதலில் அடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் உள்ளே போவார், விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. ரவுண்டு போகும்போது காம்பவுண்டுக்கு வெளியேயும் பாருங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் அந்த நேரத்தில் வேலையில்கூட இல்லை. உங்கள் பையன்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். குடோனில் துணி ரோலுக்கு நடுவில் படுக்கிறார்களா, வெளியே பூட்டுகிறார்களா.

ஆடிட்_பார்ப்பவர் எழுதியது:

கதவு விஷயத்தில் இரண்டாவது கருத்தே கிடையாது. உள்ளே ஆள் இருக்கும்வரை வெளியேறும் வழி பூட்டியிருக்கக் கூடாது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்பது பூட்டியிருக்கிறது என்பதற்குச் சமம், புகை வந்தால் வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. திருட்டுக்கும் வழி இருக்கிறது: உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போட்டு, கதவு திறந்தால் அலறும் ஒரு காந்த சென்சார் மணியை மாட்டுங்கள், வெளியே ஒரு கேமரா. பீஸும் போகாது, ஆளும் மாட்டிக்கொள்ள மாட்டார்.

முதலாளியிடம் போகும்போது நாற்பது குறைகளோடு போகாதீர்கள். ஆள் செத்துப்போகக்கூடிய விஷயங்களை மட்டும் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: கதவு, பாய்லர், பேனல். காசே செலவில்லாததை, உதாரணமாகப் படிக்கட்டில் அட்டைப்பெட்டி வைக்காதது, டோக்கன் முறையை எடுப்பது, இதையெல்லாம் அன்றே முடித்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். அடுத்த மாத ரவுண்டில் முதல் வேலை, போன மாதம் எழுதியது முடிந்ததா என்று பார்ப்பது. முடியவில்லை என்றால் பழைய தேதியோடே மறுபடி எழுதுங்கள், புதுக் குறை மாதிரி எழுதாதீர்கள், எத்தனை மாதமாக நிற்கிறது என்று கண்ணில் பட வேண்டும். போட்டோ எடுங்கள்.

அவர் 'சட்டம் என்ன சொல்கிறது' என்று கேட்டால், தொழிலாளரின் பாதுகாப்பு உரிமையாளரின் பொறுப்பு என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் போபாலுக்குப் பிறகு 1987 திருத்தத்தில் தனிப் பிரிவாகவே வந்தது. அந்தச் சட்டத்தை 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவந்தபோதும் அந்தக் கடமை அப்படியேதான் இருக்கிறது. மாநில அரசில் இதைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். அவர்களிடம் சந்தேகம் கேட்பது புகார் கொடுப்பது ஆகாது, போய்க் கேட்கலாம்.

மேல் மாடியில் ரோல் அடுக்குகிறீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். ஒரு ரோல் இருபது இருபத்தைந்து கிலோ வரும். டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தார்களே, அதற்கு முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை அனுப்பிவிட்டது, தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலையில் மிரட்டி உள்ளே அழைத்தார்கள். அந்தக் கட்டிடத்தில் அனுமதி இல்லாமல் மேலே தளம் ஏற்றி, ஜெனரேட்டர்களையும் மேல் தளங்களில் வைத்திருந்தார்கள். உங்களுடையது மூன்று தளம் என்கிறீர்கள், பிளான் அப்ரூவல் எத்தனை தளத்துக்கு வாங்கியது என்று ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

லைன்_சூப்பர் எழுதியது:

இன்று மதியம் கேட்டேன். அப்ரூவல் இரண்டு தளத்துக்குத்தான். மூன்றாவது தளம் பிறகு ஷீட் போட்டு ஏற்றியது. பாய்லரும் ரோல் ஸ்டாக்கில் கொஞ்சமும் அங்கேதான் இருக்கிறது. நாளை காலை மேனேஜரோடு முதலாளியைப் பார்க்கிறேன், ரோலைக் கீழே இறக்குவதும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைப்பதும் முதல் பக்கத்தில் முதல் வரி. பாய்லரும் கதவும் அதற்கு அடுத்தது. என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.

பேனல்_போர்டு எழுதியது:

பாய்லரை இறக்கும்போது அதற்குப் போகும் கேபிளையும் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள், பழையதை ஜாயின்ட் போட்டு நீட்ட விடாதீர்கள். எர்த்திங்கும் தனியாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பேனல் போட்டோவை இங்கே போடுங்கள், கதவு திறந்து எலக்ட்ரீசியன் எடுத்ததாக இருக்கட்டும்.